ஒருவர் வந்தால் ஒருவர் போகலாம்

சீர்திருத்தம் வருவதற்கு முன்பு, கிளிநொச்சியிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் தங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும், தூதரகம் விசா கொடுக்கும், விமானம் ஏறுவார்கள். இதில் அரசாங்கத்துக்கு ஒரு வேலையும் இல்லை என்பது உயர்கல்வியைத் திருத்த வந்தவர்களின் கண்ணில் பட்டது. ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு மாணவர்கள் இப்படி யாருடைய உதவியும் இல்லாமல் போவது நாட்டுக்கு அழகல்ல என்று முடிவெடுத்து, அவர்கள் இலகுவாகப் போய்வருவதற்கென்று கண்டங்களிடை மாணவர் நகர்வுச் சபையை உண்டாக்கினார்கள். அதன் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியோரத்து மாடிவீடு ஒன்றில் திறக்கப்பட்டது. பதினொரு உத்தியோகத்தர்கள், ஒரு வாகனம், ஒரு பெயர்ப்பலகை. திறந்து பதினான்கு மாதமாகியும் அங்கிருந்து ஒருவரும் எந்தக் கண்டத்துக்கும் போகவில்லை.

தருமபுரத்துச் சுதர்சினிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் விவசாயப் பட்டதாரி, இருபத்தாறு வயது. பட்டம் எடுத்த பிறகு இரண்டு வருடம் ஒரு விதைக் கம்பனிக்காக வெயிலில் திரிந்தாள். அந்த இரண்டு வருடமும் அவளுடைய தகப்பன் மூக்கன் கண்டாவளைப் பக்கம் குத்தகைக்குச் செய்த வயலில் உப்பு ஏறிக்கொண்டே இருந்தது. கதிர் வந்தது, உள்ளே மணி இல்லை. விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர்கள் வந்து பார்த்து, உப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூக்கனுக்கு அது முதலே தெரியும். மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருந்தார். உப்பு ஏறிய நிலத்தை என்ன செய்யலாம் என்று சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை.

நெதர்லாந்தில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் பல காலமாக அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தது. சுதர்சினி விண்ணப்பித்தாள். இரண்டு வருடப் படிப்பும் முழுப் புலமைப்பரிசிலும் கிடைத்தன. கடிதத்தின் கடைசி வரியில் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்கள்: உங்கள் நாட்டு நகர்வுச் சபையின் அங்கீகாரக் கடிதம், ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்கு முன்னர்.

அப்போது ஏப்ரல் மாதம். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு அவள் பரந்தனில் பஸ் மாறிக் கிளிநொச்சிக்குப் போனாள். இரண்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைத்துச் சாப்பாடுகூடக் கட்டிக்கொண்டு போகவில்லை.

அலுவலகத்தின் கீழ்த்தட்டில் ரஜிதா என்ற எழுதுவினைஞர் இருந்தா.

"என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"நகர்வுக் கடிதம் எடுக்க, அக்கா."

ரஜிதா எழுந்து நின்றா. பிறகு படிக்கட்டடிக்குப் போய் மேலே பார்த்து, "சேர், ஒரு மாணவர் வந்திருக்கிறா!" என்று கூப்பிட்டா. மாடியில் பல கதிரைகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. பிராந்தியப் பணிப்பாளர் பிரதாபன், கோட்டு ஒன்றைக் கொளுவிக்கொண்டே இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற உத்தியோகத்தர்களும் வந்து வரிசையாக நின்று சுதர்சினியைப் பார்த்தார்கள். ஒருவர் படம் எடுத்தார். தேத்தண்ணி வந்தது.

பிரதாபன் இந்தப் பதவிக்கு வருமுன் பதினெட்டு வருடம் மாவட்டம் விட்டு மாவட்டம் மாடு கொண்டுபோவதற்கான அனுமதிப்பத்திரம் வழங்கும் பிரிவில் இருந்தவர். பதவிக்கான அறிவித்தலில் 'நகர்வு அனுமதியில் அனுபவமுள்ளவர்' என்று கேட்டிருந்தார்கள். விண்ணப்பித்தவர்களில் அந்தத் தகுதி அவர் ஒருவருக்கே இருந்தது.

"இருங்கோ பிள்ளை. எந்தக் கண்டம்?"

"ஐரோப்பா, சேர்."

"நல்ல கண்டம்," என்றார் பிரதாபன், போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்போல.

விண்ணப்பப் பாரம் பதினெட்டுப் பக்கம். அதில் மொத்தம் முப்பது புள்ளி எடுத்தால்தான் கோப்புத் திறக்கலாம். பிரதாபன் தானே பேனையை எடுத்து நிரப்பத் தொடங்கினார். பெயர், விலாசம், தகப்பனின் தொழில், தகப்பனின் தகப்பன் எங்கே பிறந்தவர் என்பதெல்லாம் முடிந்து முப்பத்தோராவது கேள்விக்கு வந்தார்.

"முதல் எங்கையும் நகர்ந்த அனுபவம் இருக்கோ? இதுக்குத்தான் கூடப் புள்ளி."

சுதர்சினி யோசித்தாள். "ரெண்டாயிரத்து ஒன்பதில நகர்ந்தனாங்கள், சேர்."

"சொல்லுங்கோ, எழுதுவம்."

"தருமபுரத்தில இருந்து விசுவமடு. அங்கயிருந்து உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். பிறகு செட்டிகுளம் முகாம். எனக்கு அப்ப பத்து வயசு."

பிரதாபன் விரல் மடித்து எண்ணினார். "ஏழு. எண்ணிக்கை திறம். ஆனா பிள்ளை, இது திட்டமிடாத நகர்வு. சீர்திருத்தத்தின்ர கீழ திட்டமிட்ட நகர்வுக்குத்தான் புள்ளி. முன்அனுமதி எடுத்தனீங்களோ?"

"இல்லை, சேர்."

"போற இடத்தில இருந்து அழைப்புக் கடிதம் ஏதும்?"

"ஒருத்தரும் கூப்பிடேல்ல, சேர்."

"போய்ச் சேந்ததுக்கு ஒரு துண்டு?"

"முகாமில ஒரு அட்டை தந்தவை. மழைக்க நனைஞ்சு போட்டுது."

"அதுதான் பிழை. ஆவணத்தைக் கவனமா வைச்சிருக்கோணும். உங்கட ஆக்களிட்ட இந்தப் பழக்கம் இல்லை." அவர் அந்தக் கட்டத்துக்குள் 'இல்லை' என்று எழுதி, அதன் கீழே அழகாகக் கோடு போட்டார்.

உங்கட ஆக்கள் என்று அவர் யாரைச் சொன்னார் என்பது சுதர்சினிக்கு விளங்கியது. அவளுடைய தாத்தா எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர். அதற்கும் அவரிடம் துண்டு இருக்கவில்லை. சுதர்சினி வாயைத் திறக்கவில்லை, கடிதம் வேண்டியிருந்தது.

"இன்னுமொண்டு," என்றார் பிரதாபன், பாரத்தை மூடும்போது. "அந்தப் பல்கலைக்கழகத்தோட இனி நீங்கள் நேர கதைக்கப்படாது. எல்லாம் எங்களுக்குள்ளால. ஒரு மின்னஞ்சல் போட்டீங்கள் எண்டாலும் கோப்பு மூடுபடும். நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

முப்பது புள்ளியில் அன்று அவளுக்குக் கிடைத்தது ஆறு. அதில் இரண்டு, நேரில் வந்ததற்கு.

வீட்டில் மூக்கன் வேலியடியில் காத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, குடுத்தாங்களா?"

"பாரம் குடுத்தாங்கப்பா."

வீட்டில் தாய் தகப்பனோடு மலைநாட்டுப் பேச்சு, படலையைத் தாண்டினால் வன்னிப் பேச்சு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் இப்படிப் போய்வந்துகொண்டிருந்தாள். பாரத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

மே மாதம் சபை, 'நகர்வே உயர்வு' என்று ஒரு செயலமர்வு வைத்தது. அதில் கலந்துகொண்டால் நான்கு புள்ளி. மண்டபத்தில் இருநூறு கதிரை. மாணவர் என்று இருந்தது சுதர்சினி ஒருத்திதான். மிச்சக் கதிரைகளை நிரப்புவதற்காக மூன்று கிராமத்து விவசாயிகளைப் பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார்கள். விதைநெல் கொடுக்கப்போகிறார்கள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மூக்கனும் கையில் உரப்பையோடு வந்து நாலாவது வரிசையில் இருந்தார்.

பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வரவேண்டிய சபைத் தலைவர், பேராசிரியர் செல்வராசா. அவர் இரண்டரை மணித்தியாலம் பிந்தி வந்தார். மாலை, பொன்னாடை, விளக்கேற்றல், வரவேற்பு நடனம் எல்லாம் முடிந்து பிரதாபன் ஒலிவாங்கிக்கு வந்தபோது மண்டபத்தில் பாதிப்பேர் தூக்கம்.

"முன்னொரு காலத்தில் எமது மாணவர்கள் கேட்டுக் கேள்வியின்றி வெளிநாடு சென்றார்கள்," என்று அவர் மேடைத் தமிழில் தொடங்கினார். "எங்கே போனார்கள், ஏன் போனார்கள், எவரிடமும் ஒரு பதிவு இல்லை. இன்று பெருமையோடு சொல்கிறேன், இந்தச் சபை வந்த பிறகு ஒருவர்கூட எமக்குத் தெரியாமல் போகவில்லை. எமது பதிவேட்டைக் கணக்காய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு பிழைகூட இல்லை என்று எழுதித் தந்தார்கள். இலங்கையிலேயே பிழையில்லாத ஒரே பதிவேடு எமது வெற்றுப் பதிவேடுதான்!"

கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் எழுந்தார்.

"என்னுடைய மகன் மெல்பேர்னில் படிக்கிறான். அவன் போன காலத்தில் இப்படி ஒரு சபை இருக்கவில்லை. ஒரு கஷ்டமும் படாமல், மூன்று கிழமைக்குள் போய்விட்டான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கவலைதான். அந்த நிலை இந்த வன்னி மண்ணின் பிள்ளைகளுக்கு வரக்கூடாது. வரவிடமாட்டோம்!"

கேள்வி நேரத்தில் மூக்கன் எழுந்து, "அய்யா, வெதநெல்லு எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டார்.

"அருமையான கேள்வி," என்றார் பிரதாபன். "ரஜிதா, பங்குபற்றுநர்கள் ஆர்வத்தோடு கேள்வி கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கோ." எல்லோருக்கும் சோற்றுப் பொதி கொடுத்து அனுப்பினார்கள். மூக்கன் உரப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஜூனில் அவளுடைய பட்டத்தை ஐரோப்பிய அளவுக்கு மாற்றும் வேலை நடந்தது. பிரதாபன் கணிப்பானை முன்னால் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார்.

"உங்கட விரிவுரை ஒண்டு எத்தினை நிமிசம்?"

"அம்பது நிமிசம், சேர்."

"ஐரோப்பாவில ஒரு மணித்தியாலம் எண்டா அறுபது நிமிசம். அப்ப ஒவ்வொரு விரிவுரையிலயும் பத்து நிமிசம் குறையுது. நாலு வருசத்துக்கு எட்டு மாசம். நீங்கள் படிச்சது மூண்டு வருசமும் நாலு மாசமும்தான், பிள்ளை."

"எங்கட மணித்தியாலமும் அறுபது நிமிசம்தானே, சேர்?"

"அதைப் பற்றி இன்னும் சுற்றறிக்கை வரேல்ல."

குறைந்த எட்டு மாதத்தை நிரப்ப வழி இருந்தது. சபையில் சம்பளமில்லாமல் சேவை செய்தால் ஒரு மாதத்தை நான்காகக் கணக்கெடுக்கலாம், புள்ளியும் சேரும். அப்படியாகச் சுதர்சினி ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு வந்து, ரஜிதாவுக்குப் பக்கத்து மேசையில் இருந்து, சபையின் ஆண்டறிக்கையைத் தட்டச்சுச் செய்தாள். மற்றப் பதினொருவரும் என்ன செய்தார்கள் என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட்டார்கள், பின்னேரம் ஒப்பமிட்டார்கள். இடையில் களைத்துப்போனார்கள்.

"அக்கா, ஆரும் ஒருத்தராவது இங்கயிருந்து போனவையோ?" என்று ஒரு நாள் கேட்டாள்.

ரஜிதா சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தா. "ஒருத்தி வந்தவள், தங்கச்சி. பாரத்தைப் பாத்திட்டுக் கலியாணம் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போட்டாள். அது எங்கட பகுதிக்குள்ள வராது."

ஜூலை நடுவில் அவளுக்கு முப்பது புள்ளி நிறைந்தது. அவள் எழுந்து போய்ப் பிரதாபனிடம் சொன்னாள். அவர் சந்தோசப்பட்டார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து புதுச் சுற்றறிக்கை ஒன்றை எடுத்தார். கண்டங்களுக்கிடையில் சமநிலை பேணவேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு கண்டத்திலிருந்து ஒருவர் வந்தால்தான் அந்தக் கண்டத்துக்கு ஒருவர் போகலாம்.

"ஐரோப்பாவில இருந்து ஆர் சேர் கிளிநொச்சிக்குப் படிக்க வருவினம்?"

"அதை என்னட்ட விடுங்கோ," என்றார் பிரதாபன். அவருடைய முகத்தில் அவள் முதல்முறையாக வேலை செய்யும் உற்சாகத்தைக் கண்டாள். அது வேலையே என்று நம்பி அன்று நன்றியும் சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் சபையின் வாகனம் வந்து நின்றது. அதன் கூரையில் ஒரு சைக்கிள் கட்டியிருந்தது. உள்ளேயிருந்து பிரதாபனும், அவருக்குப் பின்னால் வெயிலில் நண்டுபோலச் சிவந்த ஒரு நெட்டை வெள்ளைக்காரரும் இறங்கினார்கள். ஆனையிறவில் உப்பளத்தைப் படம் எடுத்துக்கொண்டு நின்றவரை, தண்ணீர் தருவதாகச் சொல்லி ஏற்றிவந்திருந்தார்கள்.

அவருடைய பெயர் யோர்கன். டென்மார்க்கைச் சேர்ந்தவர். அறுபத்துநான்கு வயது. நாற்பது வருடம் தண்ணீர்க் குழாய் பொருத்தும் வேலை செய்து ஓய்வெடுத்து, பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைவரை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அவரைக் கதிரையில் இருத்தி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். வடை கொடுத்தார்கள். ஒரு புத்தகத்தை நீட்டி ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். விருந்தினர் புத்தகம் என்று நினைத்து, 'வடை மிக நன்று' என்று எழுதி ஒப்பமிட்டார். அது உள்வரும் மாணவர் பதிவேடு.

இங்கிலீஷ் கதைக்க ஆள் இல்லையென்று சுதர்சினியைத்தான் பக்கத்தில் இருத்தினார்கள்.

"அவர் என்ன படிக்க விரும்பிறார் எண்டு கேளுங்கோ," என்றார் பிரதாபன்.

சுதர்சினி, "உங்களுக்கு எதில் ஆர்வம்?" என்று கேட்டாள். யோர்கன் கொஞ்சம் யோசித்து, அந்த உப்பளம் வடிவாக இருந்தது என்றார்.

"உப்புத் தொழில்நுட்பம்," என்று பிரதாபன் சொல்ல, ரஜிதா எழுதினா.

யோர்கன் வடையைத் தின்றபடி சுதர்சினியிடம், நீ இங்கே என்ன வேலை செய்கிறாய் என்று விசாரித்தார். அவள் தன் படிப்பையும் தகப்பனின் வயலையும் கடிதத்தையும் பற்றிச் சொன்னாள். உப்பு மண்ணைப் பற்றிச் சொன்னது அவருக்கு உடனே விளங்கியது. கடிதத்தைப் பற்றியது விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னாள். "அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும்?" என்று கேட்டார். மூன்று மாதமாக அந்தக் கேள்வியைத் தான் கேட்கவேயில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் காலை யோர்கன் விருந்தினர் விடுதியிலிருந்து சைக்கிளில் வவுனியாப் பக்கம் போனார். போகுமுன், விடுதியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் ஒன்றைக் கழற்றித் திருத்திவிட்டுப் போனார். அதுவரை சபையின் செலவில் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

இனி ஒருவர் போகலாம். சுதர்சினி தன் கோப்பைத் துடைத்து, பக்கங்களுக்கு இலக்கம் போட்டு, பணிப்பாளரின் மேசையில் வைத்தாள். ஒரு கிழமை போனது. இன்னொரு கிழமையும் போனது. ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி பிரதாபன் அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதம் தட்டச்சுச் செய்யச் சொன்னார். அங்கீகாரக் கடிதம். "பேர் போடுங்கோ," என்றார். அவள் தன் பெயரின் முதலெழுத்தை அடிக்கும்போது, "என்ர பேரைப் போடுங்கோ," என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சுற்றறிக்கையை வாசிச்சுப் பாருங்கோ, பிள்ளை. ஒருவர் வந்தால் ஒருவர் போகலாம். மாணவர் எண்டு எங்க கிடக்கு? நகர்வைப் பற்றி ஆராய ஐரோப்பாவுக்குப் பதினைஞ்சு நாள் சுற்றுலா... ஆய்வுச் சுற்றுலா. சபைத் தலைவரும் வாறார், அவர் வேற ஒதுக்கீட்டில."

"உங்களுக்குப் புள்ளி, சேர்?"

"என்ர நகர்வு அனுபவம் பதினெட்டு வருசம்."

"அது மாடெல்லோ, சேர்?"

"மாடெண்டாலும் ஒவ்வொண்டும் முன்அனுமதியோட போனது," என்றார் பிரதாபன். "துண்டு இருக்கு."

சுதர்சினி கடிதத்தை அடித்து முடித்தாள். இருபது நிமிடம் எடுத்தது. நாலு மாதமாக அவள் காத்திருந்த கடிதத்தில் மூன்று வரிதான் இருந்தது.

வழியனுப்பும் வைபவத்தில் பிரதாபன் கண்கலங்கினார். "எனக்காகப் போகவில்லை. சுதர்சினி போன்ற பிள்ளைகள் நாளை போகும்போது, அந்தக் கண்டம் எப்படியிருக்கும், குளிரா, சாப்பாடு ஒத்துவருமா என்று அறிந்து சொல்லவேண்டிய கடமை எமக்கு உண்டு. அவர்களுடைய கஷ்டத்தை முதலில் நான் படுகிறேன்." ஓகஸ்ட் இருபதாம் திகதி போனார். ஒப்பமிடும் அதிகாரம் அவர் ஒருவருக்கே இருந்தது. போனது லீவில் அல்ல, கடமையில் என்பதால் அவருடைய இடத்துக்குப் பதில் ஆள் போட முடியாது.

ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதி அவர் ஒரு காற்றாலைக்கு முன்னால், கையில் சீஸ் கட்டியோடு நிற்கும் படம் சபையின் முகநூல் பக்கத்தில் வந்தது. சுதர்சினி அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் வந்து, தருமபுரத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் வீதியோர மதகில் கொஞ்ச நேரம் இருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஏழு இடம் ஓடியபோதுகூட ஓட வேண்டாம் என்று யாரும் அவளைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்கவில்லை. வீட்டில் தாய் அழகம்மா சோற்றைப் போட்டுக்கொண்டு, "இன்னைக்குத்தானே கடைசி நாளு?" என்று கேட்டபோது, "ஆமாம்மா," என்று மட்டும் சொன்னாள்.

செப்டெம்பர் பத்தாம் திகதி ஆண்டு மீளாய்வு விழா. அதே மண்டபம், அதே பேராசிரியர், அதே விவசாயிகள். இந்தத் தடவை உரம் என்று சொல்லியிருந்தார்கள். ஆண்டறிக்கையைத் தட்டச்சுச் செய்தவளே வாசிக்கட்டும், மாணவர் பங்கேற்பாகவும் இருக்கும் என்று பிரதாபன் முடிவு செய்தார். அவள் அடித்து முடித்த அறிக்கையை அவர் வாசித்துப் பார்க்கவில்லை. கனம் சரியாக இருக்கிறதா என்று கையில் தூக்கிப் பார்த்தார்.

சுதர்சினி ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாள். தாளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"இவ்வாண்டில் உள்வந்த மாணவர்: ஒருவர். வயது அறுபத்துநான்கு. தொழில், குழாய் பொருத்துதல். கற்கைநெறி, உப்பு. கற்ற காலம் பத்தொன்பது மணித்தியாலம். அதில் எட்டு மணித்தியாலம் உறக்கம். வெளிச்சென்றவர்: ஒருவர். பெயர், பணிப்பாளர். விண்ணப்பித்த மாணவர்: ஒருவர். அவருக்கு வழங்கப்பட்டவை: தேத்தண்ணி நூற்றுநாற்பது, வடை அறுபத்திரண்டு. கடிதம், இல்லை. அவருடைய கடைசித் திகதி கடந்துவிட்டதால் கோப்பில் நிலுவை எதுவும் இல்லை. சபையின் ஆண்டு இலக்கு முழுமையாக அடையப்பட்டது."

நாலாவது வரிசையில் மூக்கன் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த விவசாயிகளும் சிரித்தார்கள். சுதர்சினி மேடையைத் திரும்பிப் பார்த்தாள். என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றாள்.

பேராசிரியர் செல்வராசா கைதட்டிக்கொண்டிருந்தார். 'இலக்கு முழுமையாக அடையப்பட்டது' என்ற இடத்தில்தான் கண்விழித்திருந்தார். பிரதாபனும் தட்டினார், மற்ற உத்தியோகத்தர்களும் தட்டினார்கள். பேராசிரியர் எழுந்து வந்து அவளுடைய தலையில் கைவைத்து, "உச்சரிப்பு நல்ல தெளிவு, பிள்ளை," என்றார். அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ரஜிதா மட்டும் மூலையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

சுதர்சினியை அந்தக் கைதட்டல்தான் விடுவித்தது. இவர்களுக்குப் பயந்து ஐந்து மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. இவர்கள் கோபப்படுவதற்குக்கூட ஒன்றை வாசித்து விளங்கவேண்டும். அன்று பின்னேரமே, தடைசெய்யப்பட்ட அந்த மின்னஞ்சலை எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதி, மன்னிப்புக் கேட்டு, அனுப்பினாள்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. எழுதியிருந்தவர் அந்தப் படிப்புக்குப் பொறுப்பான பேராசிரியை.

'சுதர்சினி, உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லாததால் நீங்கள் வரவில்லையாக்கும் என்று நினைத்தோம். அந்தக் கடிதம் என்ன என்று எங்களுக்கும் தெரியாது. போன வருடம் உங்கள் நாட்டிலிருந்து ஒரு சபை, இதைக் கேட்காத பல்கலைக்கழகங்களை ஏற்கமாட்டோம் என்று எழுதியிருந்தது. மரியாதைக்காக அந்த வரியைச் சேர்த்தோம். இதுவரை யாரும் அதை அனுப்பியதில்லை, நாங்களும் தேடியதில்லை. இந்தத் தவணை தொடங்கிவிட்டது, பெப்ரவரியில் வாருங்கள். உங்கள் தகப்பனாரின் வயல் அளவீடுகளையும் கொண்டுவாருங்கள்.'

அவள் அதை மூன்று தரம் வாசித்தாள். பிறகு தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்ப அந்தக் கடுதாசி ஒருத்தருக்கும் தேவப்படல?"

"இல்லப்பா."

"அஞ்சு மாசம் சும்மாவே போனியா நீ?"

"ஆமாப்பா."

"தூ," என்றார் மூக்கன். அதற்குமேல் அவர் அந்தச் சபையைப் பற்றி வாயெடுக்கவில்லை. அடுத்த நாள் காலை இருவரும் வயலுக்குப் போய், வரம்பு வரம்பாக மண் எடுத்து அளக்கத் தொடங்கினார்கள்.

தூதரகம் விசா கொடுத்தது. விமானச் சீட்டு ஜனவரி இருபத்துநான்காம் திகதிக்கு வந்தது. மூன்று கிழமைகூட எடுக்கவில்லை.

டிசம்பர் இருபத்தேழாம் திகதி காலை, சுதர்சினி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ரஜிதா தொலைபேசியில் வந்தா.

"தங்கச்சி, நீங்கள் போகப்போறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். நல்ல சந்தோசம். ஆனா சேரும் கேள்விப்பட்டிட்டார். வருசம் முடியுது, வெளிச்சென்ற மாணவர் எண்ட கட்டம் வெறுமையாக் கிடக்காம். ஒருக்கா வந்து, சேரிட்டக் கடிதம் வாங்கிறமாதிரி ஒரு படம் எடுக்கட்டாம். பாரமும் புதுசா ஒண்டு நிரப்ப வேணுமாம்."

"நான் போயிட்டன் எண்டு சொல்லுங்கோ, அக்கா."

மறுபக்கத்தில் ரஜிதா சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "சரி, போயிட்டா எண்டு எழுதுறன். ஆனா திகதி கேப்பார். என்ன திகதி போட?"

"உங்களுக்கு வசதியான ஒரு திகதியப் போடுங்கோ."

"அப்ப டிசம்பர் முப்பத்தொண்டு எண்டு போடுறன். இந்த வருசத்துக்குள்ள வந்திடும்."

"இன்னும் நாலு நாள் இருக்கே, அக்கா."

"அது பறவாயில்லை," என்றா ரஜிதா. "இஞ்ச ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

சுதர்சினி தொலைபேசியை வைத்துவிட்டு, தேங்காயின் மற்றப் பாதியை எடுத்துத் துருவத் தொடங்கினாள்.